தீமை இயல்பா, செயலா: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்புகளின் அறவியல்

நன்மை என்பது யாது என்ற கேள்வியை ஒரு சமய நூல் கதைகளால் உணர்த்திவிட்டு மேலே செல்லலாம். ஒரு மெய்யியல் நூல் அதற்கான விடையைப் பல இயல்களுக்கு அப்பால் தள்ளிவைக்கலாம். ஒரு விளையாட்டின் விதிநூலுக்கு அந்த வசதி கிடையாது. தீயவரை மட்டுமே கூடுதலாகக் காயப்படுத்தும் வாள் ஒன்று விதிகளில் இடம்பெற்றுவிட்டால், எதிரே நிற்பவர் தீயவரா அல்லவா என்பதை அந்த நூல் அப்போதே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டு, இந்த நெருக்கடியை ஐம்பது ஆண்டுகளாக எதிர்கொண்டு வந்திருக்கிறது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும் ஒரு கதையைக் கூட்டாக நடத்திச் செல்வதும், உலகையும் பிற உயிர்களையும் விவரித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை டன்ஜன் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடுவர் ஏற்பதும், முடிவு ஐயமாக உள்ள இடங்களில் பகடை உருட்டப்படுவதும் இவ்விளையாட்டின் அடிப்படை. அதன் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, போர்முறைக் கணக்குகளின் மாற்றத்தைவிட ஆழமான வேறொரு மாற்றம் தெரிகிறது: தீமை என்பது ஓர் உயிரின் இயல்பா, அது செய்யும் செயலா, அது சார்ந்து நிற்கும் அணியா என்ற பழைய கேள்விக்கு ஒவ்வொரு பதிப்பும் வேறுவேறு விடை தந்திருக்கிறது.

இந்த விடைகளைத் தாங்கி நிற்கும் விதியின் பெயர் அலைன்மென்ட். அறச்சார்பு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். 1974ஆம் ஆண்டின் முதல் நூல்களில் அது ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்ற மூன்று பிரிவுகளாக மட்டுமே இருந்தது. பௌல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' என்னும் புதினத்திலும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலும் பேரண்டமே ஒழுங்குக்கும் குலைவுக்கும் இடையிலான போர்க்களமாகச் சித்திரிக்கப்படுகிறது. அந்தப் பார்வையே இங்கும் வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னரே, 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்னும் பொம்மைப் படை விளையாட்டின் கற்பனைப் பகுதியில், எந்த உயிர் எந்தப் படையில் நிற்கும் என்பதைக் காட்ட இதே பிரிவினை பயன்பட்டிருந்தது. ஆகவே தொடக்கத்தில் அறச்சார்பு என்பது ஒருவரின் உள்ளத்தைப் பற்றிய கூற்றாக இருக்கவில்லை. போர் மூண்டால் அவர் யார் பக்கம் நிற்பார் என்பதற்கான விடையாகவே இருந்தது. ஒரே சார்பினர் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளத் தனி மொழி ஒன்று உண்டு என்று அன்றைய விதிகள் வகுத்திருப்பது இன்று விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அணி என்ற கருத்தை மனத்தில் கொண்டால், மறைமொழியால் தம்மவரை அடையாளம் காணும் படைவீரர்களின் வழக்கம் அதற்குள் இருப்பது விளங்கும்.

1976இல் 'தி ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' இதழில் கைகாக்ஸ் எழுதிய கட்டுரை இந்த ஒற்றைக் கோட்டைக் குறுக்காக வெட்டியது. ஒழுங்குக்கும் குலைவுக்கும் இடையிலான அச்சு ஒன்று, நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான அச்சு மற்றொன்று என்று அவர் பிரித்தார். 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது சார்புகளாக நிலைபெற்றது. இந்தப் பிரிப்பின் மதிப்பை விளையாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் போதிய அளவு உணர்ந்ததில்லை. சட்டத்தைப் பேணுவதும் நல்லவராக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அது அட்டவணையாகவே ஆக்கிக் காட்டியது: சட்டத்தின் ஒவ்வோர் எழுத்தையும் காத்துக்கொண்டே மக்களை நசுக்கும் கொடுங்கோலன் ஒழுங்குசார் தீமையில் அடங்குவான், அநீதியான ஆணையை மீறி எளியோரைக் காப்பவள் குலைவுசார் நன்மையில் அடங்குவாள். சோஃபக்ளீஸின் நாடகத்தில் அரசன் கிரியோனின் தடையை மீறித் தன் தமையனை அடக்கம் செய்யும் ஆன்டிகனியின் சிக்கலைப் பதின்வயதினர் பகடையோடு அமர்ந்து விவாதிக்கும் நிலையை இந்த அட்டவணை உருவாக்கியது என்றால் அது மிகையாகாது.

இதனினும் துணிவான கருத்தொன்று அதே காலத்தில், பெரிதாகப் பேசப்படாமலேயே, விதிகளுக்குள் புகுந்தது. பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பும் கேள்வி மெய்யியல் பயில்வோர் அனைவரும் அறிந்தது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அல்லது அது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? 1980இல் வெளிவந்த 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்னும் தொகுதி, பல நாட்டுத் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி எனப்படும் தாக்குப்பிடிக்கும் அளவையும், ஓர் அறச்சார்பையும் வகுத்துத் தந்தது. தெய்வத்துக்கே ஓர் அறச்சார்பு உண்டு என்றால், அந்தத் தெய்வத்தை அளக்கும் கோல் தெய்வத்துக்கு வெளியே, அதற்கு மேலே இருக்கிறது என்று பொருள். யூதிஃப்ரோவின் கேள்விக்கு விளையாட்டு தந்த விடை இதுதான். நன்மை தெய்வத்தின் விருப்பத்தால் உண்டாவதன்று, தெய்வமும் அதற்கு உட்பட்டதே. ஆனால் அந்தக் கோல் எல்லா மரபுகளுக்கும் பொருந்தவில்லை. அத்தொகுதியில் இந்திரன், அக்கினி, காளி முதலிய இந்தியத் தெய்வங்களும் ஒன்பது கட்டங்களுள் ஒன்றில் நிறுத்தப்பட்டார்கள். அழிப்பவளும் அன்னையும் ஒருத்தியே என்று வழிபடும் மரபிலிருந்து பார்க்கும் தமிழ் வாசகருக்கு, காளியை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் பிழையாகவே படும். ஏனெனில் அருளும் அச்சமும் அவளிடத்தில் இரு எதிர்முனைகள் அல்ல. பிழை கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை, கட்டம் இருந்தாக வேண்டும் என்ற முன்முடிவில் இருக்கிறது.

நன்மையும் தீமையும் அளக்கத்தக்கவை என்று கொண்டபின், அவை பொருள்களாக மாறுவதைத் தவிர்க்க முடியவில்லை. தீமையைக் கண்டறியும் மந்திரம் தொடக்கத்திலிருந்தே இருந்தது; 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தப் போக்கு உச்சத்தை அடைந்தது. புனித ஆயுதம் ஒன்று தீய சார்புடையவரைத் தாக்கும்போது இரண்டு பகடை அளவு கூடுதல் காயம் ஏற்படும் என்று அப்பதிப்பு கணக்கிட்டது. நெருப்பு சுடுவதைப் போலப் புனிதமும் சுடும் என்றாயிற்று. இது மூன்றாம் நூற்றாண்டில் மானி என்பவர் போதித்த சமயத்தின் பார்வைக்கு மிக நெருங்கியது. ஒளியும் இருளும் இரண்டு மெய்யான ஆற்றல்கள், உலகம் அவை கலந்து போரிடும் களம் என்பது மானிக்கேயரின் கோட்பாடு. இளமையில் அவர்களிடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டுப் பின்னர் வெளியேறிய அகஸ்தீன், தீமைக்குத் தனி இருப்பே இல்லை, அது நன்மையின் குறைபாடு மட்டுமே என்று வாதிட்டார். இல்லாமையைக் கண்டறியும் மந்திரம் இருக்க முடியாது. ஆகவே அகஸ்தீனின் உலகில் இந்த விளையாட்டை அந்த விதிகளோடு ஆட இயலாது. 1980களில் அமெரிக்கக் கிறித்தவக் குழுக்கள் சில இதைச் சாத்தான் வழிபாடு என்று குற்றம்சாட்டியதும், 1989இல் தொடங்கிய இரண்டாம் பதிப்பு பேய், பிசாசு என்ற பெயர்களையே விலக்கி, டனாரி, பாடேசு என்ற புதுப் பெயர்களைச் சூட்டியதும் பரவலாக அறியப்பட்டவை. அக்குற்றச்சாட்டு நியாயமற்றது. சமய நோக்கில் கேட்கத்தக்க உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. நன்மையும் தீமையும் சம வலிமையுள்ள இரு பொருள்கள் என்ற கருத்தை ஏற்கலாமா என்பதே அது. சாத்தான் வழிபாடு என்ற குற்றச்சாட்டு அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை.

சமநிலை என்ற கருத்து எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை இரண்டாம் பதிப்பின் ஓர் எடுத்துக்காட்டு தெளிவாகக் காட்டுகிறது. முழு நடுநிலையாளரான ட்ரூயிட் என்னும் இயற்கைக் குரு ஒருவர், ஊரைச் சூறையாடும் தீய கூட்டத்தை அடக்க அப்பகுதியின் பிரபுவுடன் சேர்ந்து போரிடலாம். ஆனால் அக்கூட்டம் அடியோடு அழியும் தறுவாயை எட்டியதும் அவர் விலகிக்கொள்ளவோ, தீயவர் பக்கம் சாயவோ கூடும் என்று அந்நூல் விளக்கியது. இதைப் படித்த பல ஆட்டக்காரர்கள் இப்படியொரு மனிதர் இருக்க முடியாது என்று உணர்ந்தார்கள். அந்த உணர்வு சரியானது. அழிவின் விளிம்பில் நிற்பவரிடம் இரக்கம் கொள்வது ஒரு நற்பண்பு. ஆனால் உலகில் தீமையின் அளவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீமைக்குத் துணைபோவது அறத்தைத் தராசின் எடைக்கல்லாக ஆக்கிவிடுகிறது. தராசுக்கு எந்தத் தட்டில் எது இருக்கிறது என்ற கவலை கிடையாது.

பதிப்புகளிடையே நடந்த மாற்றம் மிகச் செறிவாக வெளிப்படுவது பாலடின் என்னும் அறப்போர் வீரரின் வரலாற்றில்தான். தெய்வ அருளால் நோய் தீர்க்கவும் தீமையை எதிர்க்கவும் வல்லவரான இவ்வீரர் 1975இல் 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் அறிமுகமானார். 1978ஆம் ஆண்டின் விதிகள் இவருடைய பிழைகளை இரண்டாகப் பிரித்தன. ஒழுங்கைக் குலைக்கும் செயலைத் தெரிந்தே செய்தால், தம் சார்புடைய மூத்த குரு ஒருவரை நாடிப் பாவ அறிக்கை செய்து, அவர் விதிக்கும் கழுவாயை நிறைவேற்ற வேண்டும். தெரிந்தே, மனமுவந்து தீச்செயல் புரிந்தாலோ அருள் அனைத்தும் அக்கணமே மறையும், அது மீள்வதில்லை. மூன்றாம் பதிப்பு இந்தக் கடுமையைத் தளர்த்தி, தீச்செயலுக்குப் பிறகும் உரிய கழுவாயால் ஆற்றலை மீட்கலாம் என்றது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு முற்றிலும் மாறான நிலையை எடுத்தது. பாலடினாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் என்றென்றும் பாலடினே. அவர் வழிதவறினால் தண்டிக்கும் பொறுப்பு அவருடைய சமயத்தைச் சேர்ந்த பிறருடையது, தெய்வம் தந்த ஆற்றல் விலகாது என்பது அதன் விதி.

இந்த இரு முனைகளுக்கும் இடையிலான வழக்கு கிறித்தவத் திருச்சபையில் ஒரு முறை உண்மையாகவே நடந்தது. 303இல் உரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் தொடங்கிய ஒடுக்குமுறையின்போது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் உயிருக்கு அஞ்சி மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அவ்வாறு கறைபட்டவர்கள் நடத்தும் சடங்குகளுக்குப் பயன் இல்லை என்று தொனாத்து என்பவரைப் பின்பற்றியோர் வாதிட்டார்கள். சடங்கின் ஆற்றல் இறைவனுடையது, நடத்துபவரின் தகுதியின்மை அதைக் கெடுக்காது என்று அகஸ்தீன் மறுத்தார். 1978ஆம் ஆண்டின் விதிநூல் தொனாத்தியரின் பக்கமும், 2008ஆம் ஆண்டின் விதிநூல் அகஸ்தீனின் பக்கமும் நிற்பதாகச் சொல்லலாம். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இந்த வழக்கை மனத்தில் கொண்டு எழுதினார்கள் என்று கருத வேண்டியதில்லை. அருள் என்பது தகுதிக்குக் கிடைப்பதா, தகுதியைக் கடந்து கிடைப்பதா என்று கேட்கத் தொடங்கும் எவரும் இந்த இரண்டு இடங்களுள் ஒன்றுக்கு வந்துசேர்வார்கள். அகஸ்தீனின் வாதம் கறைபட்ட குருவிடம் சடங்கைப் பெறும் எளிய அடியாரைக் காப்பதற்காக எழுந்தது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. நான்காம் பதிப்பில் அந்த விதி காப்பது அடியாரை அல்ல, ஆட்டக்காரர் தம் ஆற்றல்களை இழந்து ஆட்டத்தில் பயனற்றவராகிவிடாமல் இருப்பதையே. கருத்து ஒன்றாயினும் அக்கறை வேறு.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு மூன்றாவது வழியொன்றைத் திறந்தது. பாலடினின் ஆற்றல் இப்போது அவர் எடுத்துக்கொண்ட சூளுரையிலிருந்து பிறக்கிறது. பற்றுறுதி, தொன்மை, பழிவாங்கல் எனச் சூளுரைகள் பல. எந்த அறச்சார்பினரும் பாலடின் ஆகலாம். அறம் என்பது வெளியே நிற்கும் அளவுகோலுக்குப் பொருந்துவதாக இல்லாமல், தானே கொடுத்த வாக்கைக் காப்பதாக மாறுகிறது. இது இன்றைய மனத்துக்கு மிகவும் இசைவான கருத்து. அதனாலேயே அதன் ஆபத்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழிவாங்கும் சூளுரையைத் தவறாமல் காக்கும் வீரர், அந்தச் சூளுரையே தவறானதாக இருந்தால் என்ன ஆகிறார் என்று கேட்க இந்த விதிகளுக்குள் இடம் குறைவு. பழைய பதிப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க நன்மை என்ற சொல் வெளியே காத்திருந்தது.

பிறப்பாலேயே தீயவை என்று கருதப்பட்ட உயிர்களின் கதை வேறு. இவ்விளையாட்டின் ஓர்க்குகள் ஜே. ஆர். ஆர். டோல்கியனின் புதினங்களிலிருந்து வந்தவை. தீமைக்குப் படைக்கும் ஆற்றல் கிடையாது, கெடுக்கும் ஆற்றலே உண்டு என்று நம்பிய கத்தோலிக்கரான டோல்கியனுக்கு, மீட்பே இல்லாத ஓர் இனம் எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி இறுதிவரை தீரவில்லை. விளையாட்டு அந்தக் கவலையை முதலில் ஏற்கவில்லை. அரக்கர் நூலில் ஒவ்வொரு பெயரின் கீழும் ஒரு சார்பு அச்சிடப்பட்டது. மூன்றாம் பதிப்பு அதைப் படித்தரமாக்கி, சில உயிர்கள் எப்போதும் தீயவை, சில பெரும்பாலும், சில அடிக்கடி என்று பிரித்தது. 2003இன் திருத்தத்தில் அடிக்கடி என்பதற்கு 40 முதல் 50 விழுக்காடு என்ற கணக்கும் தரப்பட்டது. ஓர்க்குகள் இந்தக் கடைசி வகையில் வந்தன. பாதி அல்லது அதற்கு மேற்பட்ட ஓர்க்குகள் அந்தச் சார்பில் இல்லை என்று விதிநூலே ஒப்புக்கொண்ட பின்னரும், மேசைகளில் அவை விசாரணையின்றிக் கொல்லப்பட்டே வந்தன. 2004இல் கீத் பேக்கர் உருவாக்கிய எபரான் என்னும் உலகம், தெய்வங்களைத் தொலைவில் நிறுத்தி, நல்ல தெய்வத்தின் கோயிலில் தீய குருவும் இருக்கலாம், ஓர்க் நல்லவராகவும் இருக்கலாம் என்று வகுத்தபோதுதான் இந்தக் கணக்கின் பொருள் கதைகளுக்குள் நுழைந்தது.

ஐந்தாம் பதிப்பின் தொடக்கநிலை இடைப்பட்டது. ஓர்க் ஒருவர் நன்மையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தன்னைப் படைத்த தெய்வம் ஊட்டிய வன்முறை நாட்டத்தோடு வாழ்நாள் முழுதும் போராட வேண்டியிருக்கும் என்று அந்நூல் கூறியது. இது கிறித்தவத்தின் பிறவிப்பாவக் கோட்பாட்டுக்கு மிக அருகில் வரும் கருத்து; ஒரே ஒரு வேறுபாடு, அங்கே மனித குலம் முழுவதும் சுமக்கும் பாரத்தை இங்கே ஒரு சில இனங்கள் மட்டும் சுமக்கின்றன. அந்த வேறுபாடே எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. எல்லோருக்கும் உரிய சாய்வு பணிவைக் கற்பிக்கும். அடுத்தவருக்கு மட்டும் உரிய சாய்வு செருக்கையே கற்பிக்கும். 2020இல், ஓர்க்குகளும் டிரோ எனப்படும் நிலவறை எல்ஃபுகளும் சித்திரிக்கப்பட்ட விதம் உண்மை உலகில் மக்கள் இழிவுபடுத்தப்பட்ட முறைகளை ஒத்திருந்தது என்று வெளியீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024இன் ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க்குகள் எவரும் ஏற்று ஆடத்தக்க மாந்தராக இடம்பெற்றார்கள். இதை அரசியல் நாகரிகத்துக்குப் பணிந்த செயல் என்று சிலர் குறைகூறினார்கள். 1974இலிருந்து விதிகள் சென்ற பாதையைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு அது அப்படித் தோன்றாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் முன்முடிவின் விளைவுகளோடு மல்லுக்கட்டிய ஒரு நூல், அம்முன்முடிவைக் கைவிட்ட தருணம் அது.

ஆயினும் இழப்பும் உண்டு. 1979இன் நடுவர் கையேட்டின்படி, அறச்சார்பு மாறிய மாந்தர் தாம் ஈட்டிய நிலைகளுள் ஒன்றை இழந்தார். ஆட்டக்காரரின் உழைப்பு அந்த அளவுக்குக் கரைந்தது. செய்த செயல் உலகத்தில் பதிவாகிறது, யாரோ அதைக் குறித்துக்கொள்கிறார்கள், அதற்கு விலை உண்டு என்ற உணர்வு மேசையில் இருந்தது. நடுவர்கள் அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதும், நண்பர்கள் அதனால் பிணங்கியதும் நடந்தன. பின்வந்த பதிப்புகள் அந்த விலையைப் படிப்படியாக நீக்கியதற்கு அதுவே காரணம். விலை நீங்கியபின் அறச்சார்பு என்பது ஏட்டின் மூலையில் எழுதப்படும் ஒரு குணவிவரமாகச் சுருங்கியது. ஓர் உயிரை அதன் பிறப்புக்காகக் குற்றவாளியாக்குவதை நிறுத்தியது நியாயம். செயலுக்காகப் பொறுப்பாக்குவதையும் சேர்த்துக் கைவிட்டது தேவையற்றது. இவ்விரண்டையும் ஒரே விதி சுமந்திருந்ததால், ஒன்றைக் களைந்தபோது மற்றொன்றும் கூடவே போய்விட்டது.

ஓர் இடத்தில் மட்டும் பழைய கருத்து அசையாமல் நிற்கிறது. 2014இன் கையேடு, பிசாசு ஒழுங்குசார் தீமையைத் தேர்ந்தெடுப்பதில்லை, அதன் சாரமே அதுதான், அந்தச் சார்பு நீங்கினால் அது பிசாசாக இருப்பதும் நீங்கும் என்று விளக்குகிறது. தாமஸ் அக்குவினாஸ் இதை ஏற்க மாட்டார்; அவரைப் பொறுத்தவரை எந்தப் பிசாசும் இயல்பால் தீயதன்று, நல்லதாகப் படைக்கப்பட்டுத் தன் விருப்பத்தால் கெட்டதே. 2019இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்: டிசென்ட் இன்டு அவெர்னஸ்' என்னும் கதைத்தொகுதி, விதிநூலை விட்டு அக்குவினாஸுக்கு அருகில் போகிறது. அதில் நரகத்தின் முதல் தளத்தை ஆளும் ஸரியல் முன்னர் வானதூதராக இருந்தவர். ஆட்டக்காரர்கள் முயன்றால் அவரை மனந்திரும்பச் செய்து மீண்டும் வானதூதராக்க முடியும். விதியின்படி பார்த்தால் அங்கே ஒரு பிசாசு இல்லாமல்போய் வேறோர் உயிர் தோன்றுகிறது, மீட்கப்பட்டவர் என்று சொல்ல எவரும் இல்லை. கதையின்படி பார்த்தால், போருக்காகத் தன்னையே இழந்தவரும், நரகத்தை ஆண்டவரும், தன் பழைய வாளைக் கண்டு தடுமாறுபவரும், திரும்பி வருபவரும் ஒருவரே. அவர் ஒருவராக இல்லாவிட்டால், அவரோடு வாதாடி அவரை மீட்க முனைவதற்கே பொருள் இருக்காது.